கறுப்புத் திரையில் அடித்த பெயர்கள்

நேற்று மடிக்கணினியில் ஒரு பழைய படத்தை நீக்கப் போனேன். நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது; நீக்கிய பிறகும் குப்பைத் தொட்டியில் பத்திரமாக வைத்திருந்தது. நான் பழகத் தொடங்கிய காலத்துக் கம்ப்யூட்டருக்கு இவ்வளவு பொறுமை கிடையாது.

எண்பதுகளின் நடுவில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கு உதவும் ஒரு சிறு அலுவலகத்தில், கொடைக்கானலில், நான் டைப்பிஸ்ட். வத்தலக்குண்டிலிருந்து மலையேறிப் போனவள். மே மாதத்திலும் ஸ்வெட்டர் போடுவேன். அங்கே யாரோ நன்கொடையாகக் கொடுத்த கம்ப்யூட்டர் ஒன்று வந்து இறங்கியது. மவுஸ் இல்லை, படம் இல்லை. கறுப்புத் திரையில் பச்சையாக ஓர் ஆங்கில 'ஏ', பக்கத்தில் ஒரு குறி, அவ்வளவுதான். அதை இயக்கும் டாஸ் என்கிற நிரல் இருக்கிற ஃபிளாப்பித் தகட்டை உள்ளே போட்டால்தான் அதற்கு உயிரே வரும். மூடுபனி ஈரத்தில் ஃபிளாப்பிகள் பூஞ்சை பிடிக்குமே என்று அலமாரிக்குள் குண்டு பல்பை எரியவிட்டிருப்போம். சூடான தூசி வாசம் எங்கே அடித்தாலும் எனக்கு இன்றும் அந்த அறைதான்.

வீட்டுமனைக்கு விண்ணப்பித்தவர்களின் பட்டியலை அதில் ஏற்றினேன். கம்ப்யூட்டரே வந்தாச்சே என்கிற மிதப்பில் கையால் எழுதிய பட்டியல் நோட்டைக் குளிர்காயும் கணப்பில் போட்டு எரித்துவிட்டேன். மறுவாரம் புது ஃபிளாப்பி ஒன்றைத் தயார் செய்ய 'ஃபார்மட்' என்று அடித்தேன். ஏதாவது ஒரு பொத்தானை அழுத்து என்றது. அழுத்தினேன். உள்ளே இருந்தது பட்டியல் ஃபிளாப்பி; அதிலிருந்த அத்தனையும் அழிந்துபோனது.

மறுநாள் அதிகாரி வருகிறார். பட்டியலில் இல்லாதவர்களுக்கு மனை இல்லை.

வீடு வீடாகப் போய் அந்த விவரங்களைச் சேகரித்தவர் ராசம்மா அக்கா. அவரும் தோட்டத்திலிருந்து வந்தவர்தான். அழுதுகொண்டே சொன்னேன். ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழுகாத தங்கச்சி. தோட்டத்துல வெள்ளனே எங்கப்பா நின்னு வேலைக்கு வந்த ஆளுக பேரெல்லாம் மனசுலேருந்தே கூப்புடுவாரு. அது மாதிரி நான் சொல்றேன், நீ அடி."

கண்ணை மூடிக்கொண்டு, எந்தத் தோட்டம், வீட்டில் எத்தனை பேர் என்று குடும்பம் குடும்பமாகச் சொன்னார். முடியப்போகிற நேரத்தில், "மாரியாயி, வீட்டுக்காரரு, மூணு புள்ளைக" என்றார்.

"இந்தப் பேரு முன்னாடி இல்லையேக்கா?"

கண்ணைத் திறந்தார். "எங்க அக்கா. அங்கன சிலோன்லதான் கெடக்குறா. அவ வாறதுக்குள்ள கப்பலு நின்னு போச்சு." திரையில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார். "அழிச்சிரு."

ஒரு பட்டியலையே அழித்த எனக்கு அந்த ஒரு வரியை அழிக்கக் கை வரவில்லை. எது அந்தப் பொத்தான் என்று கேட்டு, ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக அவரே அழித்தார்.

மற்ற எல்லாருக்கும் வடகவுஞ்சிப் பக்கம் மனை கிடைத்தது. மாரியாயி கடைசிவரை வரவில்லை.

பிறகு டாஸை வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் மிஷின் வந்தது. அதன் பின் மவுஸ் வந்தது, கலர் கலராக ஜன்னல் திறக்கும் திரை வந்தது. பழைய ஃபிளாப்பி நுழைய அவற்றில் இடமில்லை. மொத்தமாகக் குப்பையில் போட்டோம். அலுவலகம் மூடி, கட்டடம் லாட்ஜ் ஆயிற்று. ராசம்மா அக்காவும் போய்ச் சேர்ந்தார்.

அந்த நாளில் சந்தையில் புது முகம் ஒன்றைப் பார்த்தால், "எந்தத் தோட்டம்?" என்றுதான் இலங்கையிலிருந்து வந்தவர்கள் பேச்சைத் தொடங்குவார்கள். போன மாதம் பஸ்ஸில் அக்காவின் பேத்தி எனக்கு இடம் கொடுத்தாள். ஆசையாக அதையே கேட்டேன்.

"ரோஸ் கார்டனா ஆண்ட்டி? இந்த பஸ் அங்க போகாதே" என்றாள்.