மூன்று கிண்ணம் பால்

எனக்கு எண்பத்து நான்கு வயது நடக்கிறது. பெற்றது ஐந்து, வளர்த்தது எட்டு. இறந்துபோன கொழுந்தனாரின் பிள்ளைகள் மூன்று பேரும் என் கைச்சோறு தின்று வளர்ந்தவர்கள்தான். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் எழுதுவேன். நீங்களும் மெதுவாகவே வாசியுங்கள், அவசரம் ஒன்றுமில்லை.

நாடு சுதந்திரமாகி ஏழெட்டு வருஷம் இருக்கும். நாஞ்சில் நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்து, திருவனந்தபுரத்தில் கரமனைப் பக்கம் குடியிருந்தோம். வீட்டுக்காரருக்கு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை. மூத்த மகளுக்கு ஆறு வயது. விழிஞ்ஞத்துக்குக் கடல் பார்க்கப் போன இடத்தில், பாறையில் ஒட்டியிருந்த சிப்பி அவள் வலது உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. சின்னக் காயம்தானே என்று மஞ்சள் வைத்துக் கட்டினேன். நாலாம் நாள் கால் வீங்கிச் சீழ் பிடித்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவர் முகம் செத்துப்போயிற்று. அவருடைய தம்பி ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட மறுநாள்தான் இறந்தார். கொண்டுபோனதே கடைசிக் கட்டத்தில்தான், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் கண்ணில் அந்த ஊசி மட்டும் நின்றுவிட்டது.

ஆபீசில் அவருக்கு மேலே இருந்த ஒருவருக்கு இயற்கை வைத்தியத்தில் பெரிய பிடிப்பு. ஈரமண்ணை வைத்துக் கட்டுகிற மண்பட்டி, தண்ணீர், பட்டினி, அவ்வளவுதான் மருந்து. யாரிடமும் எதுவும் வாங்க மாட்டார், நல்ல மனுஷர். நாங்கள் அண்ணாச்சி என்போம். காப்பியை நிறுத்தச் சொல்லியே என் வீட்டுக்காரரின் வயிற்றெரிச்சலைக் குணமாக்கியவர். அதனால் அவர் சொன்னால் இவருக்கு மறுபேச்சு கிடையாது.

அன்று எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த அண்ணாச்சி, மகளின் காலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சீழைக் கண்டா சந்தோஷப்படணும், தங்கச்சி. கிருமின்னா யாரு? உடம்புல சேந்த குப்பையப் பெருக்க வர்ற ஆளு. வேலை முடிஞ்சா அவனே போயிருவான். ஊசி போட்டு அவனைக் கொன்னா, குப்பை உள்ளயே கெடந்து அழுகும்."

நான் தயங்கி நின்றேன். அவர் இலையில் விழுந்திருந்த தயிரைக் காட்டினார். "இதுலயும் கிருமிதான் இருக்கு. பாலைக் கெடுத்துதா? கத்தி வச்சு வெட்டுத மாதிரி ஆக்கியிருக்குல்லா? இந்தத் தெருவுல இப்படித் தயிரு வேற எந்த வீட்டுல உண்டு?"

அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். என் தயிரைப் புகழ்ந்தால் அந்த வயதில் நான் எதற்கும் தலையாட்டுவேன். ஆட்டினேன்.

மண்பட்டி போட்டோம், இளநீர் மட்டும் கொடுத்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம் கட்டைப் பிரித்தபோது ஒரு வாடை வந்தது. எனக்குப் பழகின வாடை. ஒரு மழைக்காலத்தில் என் தயிர்ச்சட்டி அப்படித்தான் கெட்டது. தயிர் நூல்நூலாக இழுத்தது. அதையெல்லாம் கொட்டி, சட்டியைக் கொதிநீரில் போட்டெடுத்து, பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கின பிறகுதான் பழைய தயிர் திரும்பி வந்தது. மகள் காலில் அதே வாடை வந்ததும் எனக்குப் பொறி தட்டியது. பாலுக்குள் போகிறதெல்லாம் தயிராக்குகிறதா என்ன? தினமும் உறை ஊற்றுகிற எனக்கல்லவா அது தெரிந்திருக்க வேண்டும்!

மறுநாள் சனிக்கிழமை. அரைநாள் ஆபீஸ் முடிந்து அண்ணாச்சி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. விடிந்ததும் பாலைப் பொங்கக் காய்ச்சி ஆற்றினேன். மூன்று பீங்கான் கிண்ணங்களைக் கொதிநீரில் போட்டெடுத்து, பாலை ஊற்றி, ஒன்றில் உறைமோர் விட்டேன். ஒன்றில் மகளின் கால்கட்டைப் பிழிந்து ஒரு சொட்டு விட்டேன். இன்னொன்றில் ஒன்றும் விடவில்லை. மூன்றையும் மூடி அடுப்படியில் வைத்தேன்.

மத்தியானத்துக்குச் சற்று முன் மகளைத் தொட்டால் அனலாகக் கொதித்தது. கணுக்காலிலிருந்து முழங்கால்வரை சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. தோசை வேண்டுமா என்றேன், கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அவளுடைய மாற்றுப் பாவாடையை எடுத்து மூட்டை கட்டினேன். நான் தனியாகத் தெருமுனை தாண்டியவள் அல்ல. இருந்தாலும் இன்று இவர் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

அப்போது என் வீட்டுக்காரரும் அண்ணாச்சியும் உள்ளே வந்தார்கள்.

"இன்னைக்கு ரெண்டு விதத் தயிரு உண்டு, அண்ணாச்சி. எதை ஊத்தட்டும்?" என்று இரண்டு கிண்ணங்களை முன்னால் வைத்தேன். முதல் கிண்ணத்தைச் சரித்தேன், தயிர் அசையவில்லை. இரண்டாவதன் மூடியை எடுத்ததும் அண்ணாச்சி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன தங்கச்சி இது, எலி கிலி விழுந்துட்டா?"

"எலி இல்ல. உங்க பெருக்குத ஆளுதான் விழுந்தான். பிள்ளை காலுல இருந்து ஒரு சொட்டு."

"ஏட்டி, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார்.

அண்ணாச்சி சளைக்கவில்லை. "இந்த வெக்கைக்குப் பாலு தானாவே கெட்டிருக்கும். அதுக்குக் கிருமியக் குத்தம் சொன்னா எப்படி?"

நான் மூன்றாவது கிண்ணத்தைக் கொண்டுவந்தேன். "தயிரு உறையலன்னா, உறைமோரைக் குத்தம் சொல்லுததுக்கு முன்னால பாலைத்தான் பாக்கணும், அண்ணாச்சி. இது அதே பாலு, அதே அடுப்படி. இதுல நான் ஒண்ணும் விடல." அதை அவர்கள் முன்னாலேயே மடமடவென்று குடித்தேன். "பாலு ஒண்ணுதான். உள்ள போன ஆளுதான் வேற. என் பிள்ளைக்குள்ள எந்த ஆளு போயிருக்கான்னு ஒங்க மூக்கே சொல்லுதுல்லா?"

சொல்லிவிட்டு, மகள்மேல் கிடந்த போர்வையை விலக்கினேன். அந்தச் சிவப்புக் கோடு முழங்காலைத் தாண்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் கோட்டைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, "அண்ணாச்சி, ஒரு ரிக்‌ஷா கூப்பிடுங்க" என்றார். அதுவரை அண்ணாச்சிக்கு ஒரு வேலையும் சொல்லியறியாதவர் இவர். அண்ணாச்சி செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு மலையாள டாக்டரம்மா. சீழைக் கீறி எடுத்துவிட்டு பென்சிலின் ஊசி போட்டார். என்னைப் பிடித்து ஏசினார். "இன்னும் ரெண்டு நாளு தாமசிச்சிருந்தா காலு மாத்ரம் இல்ல, குட்டியே போயிருக்கும்!" நான் கிண்ணங்களின் கதையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தார். "எத்ர வரை படிச்சு?" என்று கேட்டார். மூன்றாம் வகுப்பு என்றேன். நர்சுகளைக் கூப்பிட்டு, கதையை மறுபடியும் சொல்லச் சொன்னார். அந்த ஊசிமருந்தே ஒரு பூஞ்சையிலிருந்து வருவதுதான் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். காய்ச்சல் விட்டதும், "இனி குட்டிக்கு உன் தயிரைக் கொடு" என்றார்.

அஞ்சாம் நாள் மகள் கட்டிலில் உட்கார்ந்து தயிர்ச்சோறு தின்றாள். அண்ணாச்சி கால்மாட்டில் வந்து நின்றார். "கிருமியிலயும் ஆளு பாத்துத்தான் வீட்டுக்குள்ள விடணும் போல, தங்கச்சி" என்றார். போகும்போது கொஞ்சம் உறைமோர் கேட்டார். அவர் வீட்டில் தயிர் ஒருநாளும் சரியாக உறையாதாம்.

அந்தக் காலை வைத்துக்கொண்டு என் மகள் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக் கொடுத்தாள். ஒருதரம் பொன்முடி போகும் வழியில் பஸ் நின்றுபோனது. எல்லோரும் சோர்ந்து உட்கார்ந்திருக்க, அவள் வளைவு வளைவாக ஏறி எங்களுக்கு முன்னால் மேலே போய் நின்று கையாட்டினாள். கீழே இருந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன தெரியும் என்று ஒதுங்கி நிற்கிற பழக்கம் அந்த மூன்று கிண்ணத்தோடு போயிற்று. என் கைக்குத் தெரிந்ததை நானே நம்பாத அந்த மூன்று நாள் மட்டும் இன்றும் உறுத்துகிறது.

இதோ, அந்தக் கால்காரி பெற்ற பேத்தி பக்கத்தில் இருக்கிறாள். மலையாளத்தில் படித்தவள், தமிழை அவளும் என்னைப்போல எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். மக்கா, முதல்ல இருந்து வாசி பாப்போம். உங்க அம்மை வந்து உக்காரட்டும், அவளும் கேக்கட்டும்.