கவர்னர் முதல் நாள் சாகவில்லை

பனாப்பா பாடாத வேஷம் கிடையாது. ஆப்பரா என்கிற மேல்நாட்டு இசைநாடகத்தில் உச்சக்குரல்காரனுக்குக் கதாநாயகி கிடைப்பாள். அடிக்குரல்காரனுக்குச் சிம்மாசனம், அது இல்லையென்றால் தாடியாவது கிடைக்கும். இரண்டுக்கும் நடுவில் பாடுகிற பாரிட்டோனுக்கு மிச்சம் மீதி எல்லாம். சமோவாவிலிருந்து பிழைப்புக்காகப் போய் ஆக்லாந்தின் இறைச்சித் தொழிற்சாலையில் பாடிக்கொண்டே வேலை பார்த்தவனை ஒரு குழு கொத்திக்கொண்டு போனது. அங்கே நாவிதன், பாதிரி, குடிகாரன், மகளைத் தொலைத்த அப்பன் என்று எதைக் கொடுத்தாலும் பாடினான். ஒருமுறை செவிலித்தாயாக நடிக்க வேண்டியவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, பாவாடையைச் சுற்றிக்கொண்டு மேடையேறிவிட்டான். மீசையை எடுக்க நேரமில்லை. ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"இவன் ஒருத்தன் போதும், பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்பார் குழுவை நடத்திய பிரையர். அனுப்பவும் செய்தார், பாவி மனுஷன்.

ஆனால் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வில்லன் வேஷம்தான். வினையும் அங்கேதான் வந்தது. நம் சமோவாத் தீவில் கூடப்பிறந்தவள் என்றால் ஆண்பிள்ளைக்குச் சாமி மாதிரி. அவள் எதிரில் கெட்ட வார்த்தை பேசக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது. அப்படியிருக்க, பனாப்பா மேடையில் ஒருத்தியைத் தரதரவென்று இழுத்துப் போவதை யாரோ ஒரு புண்ணியவான் நம் தலைநகர் ஆப்பியாவில் இருந்த அவன் அக்கா லுஸேவுக்குக் கைபேசியில் காட்டிவிட்டான்.

அன்றைக்கே அக்கா கூப்பிட்டாள். "ஏன்டா, பொம்பளை கையைப் பிடிச்சு இழுக்கத்தான் உன்னைக் கடல் தாண்டி அனுப்புனேனா?"

"ஐயோ அக்கா, அது நடிப்பு."

"நல்லவனா நடிக்க வேண்டியதுதானே? உன் மூஞ்சிக்கு அது வராதா?"

அதோடு பேச்சு நின்றது. வருஷங்கள் ஓடின. கிறிஸ்துமஸுக்கு அவள் அனுப்பும் கொக்கோ வரும், அவள் குரல் வராது. ஊரே எழுந்து நின்று கைதட்டினாலும் அவன் வேஷத்தைக் கலைத்துவிட்டு அறைக்குப் போய் அழுதிருக்கிறான். அக்கா ஒரு தடவை வந்து பார்த்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தது.

குழு கடைசியில் ஆப்பியாவுக்கே வந்தது. மாதா கோவில் மண்டபத்தில் இரண்டு நாள் ஆட்டம். கதை ஒரு கொடுங்கோல் கவர்னரைப் பற்றியது. கவர்னர் யார் என்று சொல்ல வேண்டுமா? பனாப்பா போய்க் கெஞ்சியதில் அக்கா வந்தாள். பெரிய தொப்பியும் பனையோலை விசிறியுமாக, பின்னால் ஒரு படை உறவினர்களோடு முன்பெஞ்சில் உட்கார்ந்தாள். முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை.

இரண்டாம் அங்கத்தில் கவர்னர் விருந்து மேஜையருகே கதாநாயகியின் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் மேஜைக் கத்தியை எடுத்து அவனைக் குத்த வேண்டும். அதற்குள் முன்பெஞ்சு எழுந்துவிட்டது.

"பனாப்பா! விடுடா அந்தப் பொண்ணை!" என்று அக்கா அதட்டினாள்.

விட்டுவிட்டான். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம், கை தானாக விட்டது. பியானோ நின்றது. நாயகியாக நடித்த வெள்ளைக்காரப் பெண் ஹேஸல் கத்தியும் கையுமாக விழித்தாள். பின்னாலிருந்து ஒருவன், "குத்து தாயி!" என்று கத்தினான்.

சமாளிக்கப் பனாப்பாவுக்கு நூறு வித்தை தெரியும். ஒரு கோமாளித்தனம் செய்தால் சபை சிரித்துவிட்டு மறந்திருக்கும். ஆனால் அக்காவின் உதடு துடிப்பதைப் பார்த்தான். தட்டுகள் சிதற மேஜைவிரிப்பை உருவித் தலையோடு போர்த்திக்கொண்டு, அவளைப் பார்த்து மண்டியிட்டான்.

நம் ஊரில் பெருந்தப்பு செய்தவன் பாயைப் போர்த்திக்கொண்டு இப்படித்தான் குனிந்திருப்பான். நொந்தவர்கள் வந்து பாயை விலக்கினால் மன்னிப்பு. விலக்காவிட்டால் அவன் கதி அதோகதி. விரிப்புக்குள்ளிருந்து பனாப்பா பாடினான். ஆட்டத்தில் இல்லாத பாட்டு, நம் பாஷையில், தாழ்ந்த குரலில். பொறுத்துக்கொள் அக்கா என்பதைத் தவிர அதில் வேறு சொல்லே இல்லை. அவன் நடிக்கவில்லை.

"நான் இப்ப யாரைக் குத்தணும்?" என்று கிசுகிசுத்தாள் ஹேஸல்.

"கத்தியைக் கீழ வைம்மா" என்றபடி லுஸே மேடையேறி விரிப்பைத் தூக்கினாள். உள்ளே கவர்னர் மீசையெல்லாம் குழம்போடு தேம்பிக்கொண்டிருந்தார்.

"எந்திரிடா. மூக்கைத் துடை. இந்தக் குரலைக் கேக்காம இத்தனை வருஷம் இருந்துட்டேனே, எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு."

அப்புறம் அத்தைமார் நம் வழக்கப்படி கொண்டுவந்திருந்த, மிட்டாய் கோத்த மாலைகளோடு மேடையேறி அவனைச் சுற்றி ஆட, பிரையர் தலையில் கை வைத்துக்கொண்டார். பனாப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் லுஸே எல்லாருக்கும் முன்னால் வந்து இடம் பிடித்தாள். அதே அங்கம், அதே மேஜை. கவர்னர் மணிக்கட்டைப் பிடித்ததும் உறவுக்கூட்டம் எழுந்தது.

லுஸே விசிறியால் தட்டித் தட்டி உட்கார வைத்தாள். "உட்காருங்க எல்லாரும்! அவன் வேலையை அவன் பாக்கட்டும்."

ஹேஸல் கத்தியை ஓங்கியபடி முன்பெஞ்சையே பார்த்துத் தயங்கினாள்.

"நீ குத்தும்மா, பயப்படாத!"

ஹேஸல் குத்தினாள். பனாப்பா பாடிக்கொண்டே தள்ளாடினான், தூணைப் பிடித்தான், நழுவினான், இன்னும் ஒரு வரி பாடிவிட்டு மல்லாந்து விழுந்தான். அவன் வாழ்நாளில் அவ்வளவு ஆசையாக என்றுமே செத்ததில்லை. பிணமாகக் கிடந்தவன் காதில் அக்காவின் குரல் மண்டபத்துக்கே கேட்கும்படி விழுந்தது.

"பாத்தீங்களா, எப்படிச் சாகிறான் என் தம்பி!"