ஒன்பதும் கொஞ்சமும்

படுத்திருப்பவரின் இடது முழங்கைக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேசக் கூடாது. பேசினால் முறைப்பார். பிறகு, “இரையுது, நல்லா இரையுது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஊசியின் உறையைப் பிரிப்பார். கட்டிலில் இருப்பவர் அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விடுவார்.

சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை மெஷினில் ஓடவிட்டு, சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் அனுப்புகிற டயாலிசிஸ் அறை அது. வாரத்தில் மூன்று நாள், வந்தால் நான்கு மணி நேரம். இதற்காகவே கையில் ஒரு சிரையையும் தமனியையும் சேர்த்துத் தைத்திருப்பார்கள். அங்கே ரத்தம் பாய்கிற இரைச்சல் தோலுக்கு மேலேயே விரலில் தட்டுப்படும். அது நின்றுபோனால் மெஷினுக்கு வழி இல்லை. அதைத்தான் அவர் ஒவ்வொருவர் கையிலும் தொட்டுப் பார்க்கிறார். என் தங்கைக்குத் துணையாகப் போகிற நான், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனிக்கு வந்து அந்த அரை நிமிடத்தை எண்ணிக்கொண்டிருப்பேன்.

ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப்புகள் இரண்டு எப்போதும் அவர் காலரில் தொங்கும். அதனால் அந்த நர்ஸுக்குப் பெயர் கிளிப் அக்கா. எழுபது வயதுக்காரருக்கும் அவர் அக்காதான். நின்றபடியே சாப்பிடுவார். குழாயை நகத்தால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, காற்றுக்குமிழி இல்லை என்று தலையாட்டுவார். நோயாளிகள் தாகத்தை அடக்கிக்கொண்டு தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவர்கள். குடித்தது உடம்பிலேயே தங்கி எடையாகக் காட்டும். எடை பார்க்கும்போதே, “மூணு கிலோ கொண்டு வந்திருக்கீங்க. தர்பூசணியா, மோரா? உண்மையச் சொல்லுங்க” என்று பிடித்துவிடுவார். ஆனால் தனக்குத் தாகம் எடுத்தால் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டு பின்வராந்தாவுக்குப் போய்விடுவார். அவர் தண்ணீர் குடித்து அந்த அறையில் யாரும் பார்த்ததில்லை.

எதிர்ச்சுவரில் இருக்கிற கடிகாரம் அவர் சொந்தக் காசில் வாங்கி மாட்டியது. அதில் ஒரு மணிகூட நேராக எழுதியிருக்காது. பன்னிரண்டின் இடத்தில் √144 என்று இருக்கும். எட்டின் இடத்தில் 2³. ஆறின் இடத்தில் மூன்று போட்டுப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி. ஒன்பதின் இடத்தில் 3(π−.14). முன்பு சாதாரணக் கடிகாரம்தான் இருந்ததாம். “எல்லாரும் அதையே வெறிச்சுப் பாத்துக்கிட்டுக் கிடப்பாங்க. கால் மணிக்கு ஒரு பெருமூச்சு. என்னால தாங்க முடியல. பாக்கறதுதான் பாக்கறீங்க, மண்டைய உடைச்சுக்கிட்டுப் பாருங்கன்னு இத மாட்டிட்டேன்” என்றார்.

இடத்தை வைத்தே மணி சொல்லிவிடலாமே, இதில் என்ன மண்டையை உடைப்பது என்று நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். “அது செல்லாது. அது எப்படி ஆறு ஆச்சுன்னு சொல்லணும். சொல்லிட்டா அந்த ஆறு அவங்களோடது” என்று என் வாயை அடைத்தார்.

அப்படித்தான் அந்த அறையில் மணிக்கு ஆட்கள் இருந்தார்கள். ஆறு, ஜன்னல் ஓரக் கட்டிலில் படுக்கிற சமையல்கார அம்மாவுடையது. “மூணப் பாத்து எதுக்கு இவன் இப்படி ஆச்சரியப்படறான்?” என்று பல நாள் திட்டிக்கொண்டிருந்தவர், அந்தக் குறி இருந்தால் மூன்று, இரண்டு, ஒன்று எல்லாவற்றையும் பெருக்க வேண்டும் என்று பேரனிடம் கேட்டு வந்து வென்றார். அதிலிருந்து காலை ஆறு மணி ஆனால் யாராவது, “சமையல் ஆச்சு” என்பார்கள். கிளிப் அக்கா மட்டும் அந்தக் கடிகாரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். “எனக்கு மெஷின்ல ஓடுது, போதும்” என்பார்.

ஒன்பது, லாரி ஓட்டுநருடையது. என் தங்கைக்குப் பக்கத்துக் கட்டில். இருவரையும் விடியற்காலை ஐந்துக்கு மெஷினில் பூட்டினால் ஒன்பதுக்கு அவிழ்ப்பார்கள். அதற்குக் கால் மணி முன்பே அவர் ஆரம்பித்துவிடுவார். “அக்கா, இன்னைக்கு மட்டும். ரத்தமெல்லாம் பளபளன்னு ஆயிடுச்சு. அவுத்து விடுங்க.” கிளிப் அக்கா காதிலேயே வாங்கிக்கொள்ள மாட்டார்.

அந்த π-ஐ, அதாவது பையை, 3.14 என்று வைத்துக்கொண்டால் அதில் .14 போக மூன்று. மும்மூன்று ஒன்பது. இதைச் சொல்லி அவர் ஒன்பதை வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் வீட்டில் மகளிடம் கேட்டதில் வேறு சங்கதி தெரிந்துவிட்டது. 3.14 என்று நிறுத்துவது பள்ளிக்கூடத்துக் கணக்குக்காக. பை அங்கே நிற்காது, பின்னால் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். மறுமுறை வந்தவர் ஊசி ஏறுவதற்கு முன்பே அறிவித்தார். “எல்லாரும் கேளுங்க! இது ஒன்பது இல்ல. ஒன்பதும் கொஞ்சமும். எம் பொண்ணு போட்டுப் பாத்துட்டா. ஒன்பது அடிச்சுக் கால் நிமிஷம் போனாத்தான் சரியா வருமாம். லாரிக்காரன்னா ஏமாந்துடுவான்னு நெனச்சிருக்கான்!”

அந்தப் பெருமையே அவருக்கு வினையானது. அன்று ஒன்பதுக்கு அவர், “அக்கா, மணி ஆச்சு” என்றதும் கிளிப் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “உங்க கணக்குப்படி இன்னும் ஆகலயே அண்ணே.” அறையே சிரித்தது. அதன் பிறகு வருகிற நாளெல்லாம் இதே நாடகம். ஒவ்வொரு முறையும் அவர் தலையில் அடித்துக்கொண்டு, “என் வாய்தான் எனக்கு எதிரி” என்று அந்தக் கால் நிமிடம் கிடப்பார். முன்கூட்டியே அவிழ்க்கச் சொல்வதையும் விட்டுவிட்டார். ஒன்பது மணிக்கே அறையில் ‘டிரைவர்’ என்று பேர் ஆகிவிட்டது.

என் தங்கை இதில் எதிலும் சேரவில்லை. முப்பத்தோரு வயது, ஓடு விற்கிற கடையில் கணக்குப் பார்த்தவள். போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு கிடப்பாள். “ஏழு சும்மா கிடக்கு, உனக்குன்னு வச்சிருக்கேன்” என்று கிளிப் அக்கா ஒருமுறை சொன்னபோது, “எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்று திரும்பிப் படுத்துவிட்டாள். ஆனால் ஒன்பது மணி நாடகத்தின்போது ஒருநாள் போர்வை குலுங்கியது. அழுகிறாளோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஒரு காலை ஓட்டுநரின் கட்டிலில் புதுவிரிப்பு விரித்து, ஆள் இல்லாமல் இருந்தது. “எங்க அவரு?” என்று என் தங்கை கேட்டாள். அவளாகக் கேட்ட முதல் கேள்வி. கிளிப் அக்கா பொய் சொல்லவில்லை. “நேத்து வீட்டுலயே. மாரடைப்பு. தூக்கத்துலயே போயிட்டாரு.”

அன்று வீடு திரும்பினோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: “அவரு ஒரு நாள்கூட விடாம வந்தாருண்ணே. கால் நிமிஷம்கூட விடல. என்ன ஆச்சு? நான் இனிமே வரல.”

அதற்கு என்ன பொருள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கெஞ்சினேன், கத்தினேன். அம்மா அவள் காலைப் பிடித்தாள். ஒரு முறை போகவில்லை, அடுத்த முறையும் போகவில்லை. கணுக்கால் மறைந்து கால் தூண்போல ஆனது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள்.

ஓர் இரவு கிளிப் அக்கா போன் செய்தார். “அவகிட்ட குடுங்க” என்றார். ஸ்பீக்கரில் போட்டுத் தங்கையின் மடியில் வைத்தேன்.

“படுத்தா மூச்சு முட்டுதா?”

“முட்டுது” என்றாள்.

“சரி. நான் ஒனக்குச் சமாதானம் எதுவும் சொல்லப் போறதில்ல. அந்த அண்ணனுக்கு நானே இன்னும் அழுது முடிக்கல. ஊசி எடுத்து வச்சிருக்கேன். காலைல நீ வா.”

அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பு எங்கே என்று கேட்டாள்.

மறுநாள் விடியற்காலை எடைப் பலகையில் ஏற்றியபோது, “அஞ்சு கிலோ கொண்டு வந்திருக்க” என்று மட்டும் கிளிப் அக்கா சொன்னார். திட்டவில்லை. கையில் விரல் வைத்துக் கண்ணை மூடியவர் வழக்கத்தைவிட அதிகம் நின்றார். “இரையுது” என்றபோது குரல் இறங்கியிருந்தது.

அன்று ஆறு மணி வந்து போனது. “சமையல் ஆச்சு” என்றுகூட யாரும் சொல்லவில்லை. எட்டரை தாண்டியதும் சமையல்கார அம்மா கண்ணைத் திறக்காமல், பழக்கதோஷத்தில், “டிரைவர் வர இன்னும் எவ்வளவு இருக்கு?” என்று கேட்டுவிட்டார். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். என் தங்கை போர்வையை முகத்திலிருந்து இறக்கினாள். அதற்குப் பிறகு அவள் கண் கடிகாரத்தைவிட்டு அகலவில்லை.

ஒன்பது ஆனது. கிளிப் அக்கா வந்தார். ரத்தத்தைத் திருப்பி அனுப்புகிற பொத்தானுக்குக் கை போனது.

“இன்னும் ஆகலக்கா” என்றாள் என் தங்கை.

“ஆயிடுச்சும்மா. மெஷின் காட்டுது பாரு.”

“இல்ல. அது ஒன்பது இல்ல. கொஞ்சம் அதிகம்.”

கிளிப் அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு பொத்தானை விட்டு நகர்ந்து என் தங்கையின் கையில் இரண்டு விரல்களாக வந்து அமர்ந்தது. கண்ணை மூடவில்லை. சிவப்பு விநாடி முள் இறங்கிக்கொண்டிருந்த அந்தக் கடிகாரத்தை அவர் நிமிர்ந்து பார்த்தபடி நின்றார்.