அத்தை சொன்னதும் நான் சொன்னதும்

"எங்கே வலிக்கிறது?" என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் ஆங்கிலத்தில் கேட்டார். நோயாளி என் அத்தை. ஆனால் அறைக்குள் நுழைந்ததும் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னவள் நான். அத்தை நல்ல புடவை கட்டி, இரண்டு கைகளையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். விரல் இடுக்குகளில் ரப்பர் பாலின் கறுப்புக் கறை. எத்தனை தேய்த்தாலும் போகாது. டாக்டர் அந்தக் கைகளைப் பார்த்துவிடப் போகிறாரே என்பதுதான் அப்போது எனக்கிருந்த கவலை.

அப்பாவின் அக்கா அவள். கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தாள். சில நாள்களாக நெஞ்சில் ஏதோ செய்கிறது என்று வந்து சொன்னாள். சிரம்பானில் உள்ள கிளினிக்குக்கு அழைத்துப்போக வீட்டில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்த எனக்கு மண்டைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. ஒன்றுபோல் இருக்கும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்து எழுதுவதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தேன். வெடுக்கென்று வருவது பெயின், மந்தமாக நீடிப்பது ஏக், இரண்டுமில்லாமல் உடம்பு லேசாகச் சங்கடப்படுவது டிஸ்கம்ஃபர்ட். இந்த வித்தியாசமெல்லாம் தெரிந்த ஒரே ஆள் எங்கள் தோட்டத்தில் நான்தான் என்று நினைப்பு.

பஸ்ஸிலேயே அத்தை தெளிவாகச் சொல்லிவிட்டாள். "வலின்னு சொல்ல முடியாது புள்ள. ரெண்டு வாளி பால நெஞ்சு மேல தூக்கி வச்சாப்ல கனக்குது. மேட்டு நிரையில ஏறுனா வருது, செத்த நேரம் உக்காந்தா போயிருது. எடது கை அசந்து போவுது."

இதற்கு மேல் ஒரு நோயாளி என்னதான் சொல்ல முடியும்?

டாக்டருக்குத் தமிழ் தெரியாது, மலாய் தெரியும். அத்தை தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில், தானே ஆரம்பித்தாள். "டாடா பெராட், டாக்டர்." நெஞ்சு பாரமாக இருக்கிறது என்று அர்த்தம். தொடர்ந்து பேச விட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். எனக்கோ அந்த உடைந்த மலாயைக் கேட்டதும் உடம்பு கூசியது. இடையில் புகுந்தேன். பெயின் ஒன்றுமில்லை டாக்டர், கொஞ்சம் டிஸ்கம்ஃபர்ட் மட்டும்தான் என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னேன். மேட்டையும் வாளியையும் கையையும் விட்டுவிட்டேன். தோட்டத்துப் பேச்சு அந்தக் குளிரூட்டிய அறைக்குப் பொருந்தாது என்று தோன்றிவிட்டது.

அத்தைக்குச் சந்தேகம். "வாளி மாதிரி கனக்குதுன்னு சொன்னியா?" என்று மெல்லக் கேட்டாள்.

"சொல்லிட்டேன் அத்தை. சும்மா இருங்க லா."

சொல்லவில்லை. டாக்டர் என் ஆங்கிலத்தைப் பாராட்டிவிட்டு, வாயுவாக இருக்கும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் அத்தை என்னைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டு வந்தாள்.

நான்காம் நாள் காலை அவள் பால்மர நிரையிலேயே விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லாரி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் சரியாகச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பையே நான்தான் இல்லாமல் செய்தேன். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அத்தை மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்கம்மாவுக்காகக் கடைசியா டாக்டர்கிட்ட இவதான் பேசுனா. அவ்வளவு அழகா பேசுனாளாம்." நான் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். அதைவிட வெட்கங்கெட்ட காரியம் என் வாழ்க்கையில் வேறில்லை.

பகாவ் ஊர்ப் பள்ளியில் இப்போது நான் ஆங்கில ஆசிரியை. சொற்களுக்குள் உள்ள வித்தியாசம் எங்கள் பாடத்தில் உண்டு. டிஸ்கம்ஃபர்ட் வரும்போது மட்டும் மாணவர்களையே அகராதியைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்லிவிடுவேன்.

போன மாதம் ரஹாங்கிலிருந்து அத்தை மகள் அழைத்தாள். அவளுக்கும் இருதயக் கோளாறு. "ஸ்பெஷலிஸ்ட்டப் பாக்கப் போறேன். அம்மாவுக்குப் பேசுன மாதிரி எனக்கும் வந்து பேசு லா" என்றாள். போனேன். டாக்டர் கேள்வி கேட்டதும் அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"நீயே சொல்லுக்கா. மலாயிலயே சொல்லு. நான் குறுக்க பேச மாட்டேன்" என்றேன்.

தட்டுத்தடுமாறிச் சொன்னாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டு, திருப்பிக் கேட்டு, உடனே சில பரிசோதனைகளுக்கு எழுதினார். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. அத்தனை வருடம் மறைத்ததையெல்லாம் கொட்டினேன். அத்தை கேட்டதையும், நான் பொய் சொன்னதையும்கூட.

அவள் அழவில்லை, திட்டவுமில்லை.

"எம் பிள்ளைங்ககிட்டல்லாம் உன்னப் பத்தி சொல்லித்தான் வளத்தேன்" என்றாள். "இனிமே நான் என்னன்னு சொல்றது?"

பரிசோதனைக்கு அவள் எண்ணை அழைத்தார்கள். நான் எழுந்தேன். அவள் என் மடியிலிருந்த தன் ஃபைலை எடுத்துக்கொண்டு, என்னை உட்காரச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, தனியாகப் போனாள்.