பழைய போனில் அக்கா

எங்கள் வீட்டு முன்னறையில், காலண்டர் மாட்டிய ஆணியிலேயே ஒரு பித்தளை டோக்கனும் ஆறு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. நடுவில் 47 என்று அச்சு, மேலே ஓர் ஓட்டை. அந்த ஓட்டையில் தன் மகள் பாப்பாவின் பள்ளிக்கூட ரிப்பனில் ஒரு துண்டைக் கத்தரித்துக் கோத்திருந்தாள் என் அக்கா. ரிப்பன் சிவப்பாக இருந்தது, இப்போது வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது. வருடா வருடம் காலண்டரை மாற்றும்போது டோக்கனைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுவேன். அதற்குமேல் அதைப்பற்றி யோசிக்க நான் எனக்கு இடம் கொடுத்ததில்லை.

அக்கா வேலை பார்த்தது எண்ணூர்ப் பக்கம், பெரிய பெரிய தொட்டிகளில் கேஸும் எண்ணெயும் சேமித்து வைக்கும் ஒரு கம்பெனியின் கேன்டீனில். தீப்பெட்டி, பீடி, போன், எதுவும் உள்ளே போகக் கூடாது. போனை கேட்டில் கொடுத்தால், சுவரில் புறாக்கூண்டு மாதிரி இருக்கும் மரப்பலகைப் பொந்தில் வைத்துவிட்டு, பொந்தின் நம்பர் போட்ட டோக்கனைக் கையில் தருவார்கள். சாயந்தரம் டோக்கனைத் திருப்பிக் கொடுத்தால்தான் போன். அக்காவுக்கு எப்போதும் நாற்பத்தேழு. அவள் புருஷன் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போன பிறகு, அவளும் பாப்பாவும் திருவொற்றியூரில் என்னோடு வந்துவிட்டார்கள். அக்கா விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். பாப்பாவை எழுப்பிக் குளிக்க வைத்து, ஜடை போட்டு, ஸ்கூலுக்கு அனுப்புவது என் பொறுப்பு. என்னை நம்பி விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு அவள் ஏமாளி இல்லை. அதனால் ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, போனைக் கொடுக்கும் முன்பு, கேட்டில் நின்று எனக்கு ஒரு போன் வரும்.

"டேய், எழுந்துட்டியா? பொய் சொல்லாத, கொரலே படுத்துகினு கீது. பாப்பாவ எழுப்பு. ஜடைய நேத்து மாதிரி கோணலா போடாத, டீச்சரு சிரிக்குதாம். நான் போன குடுக்கப் போறேன்."

பத்து விநாடி, மிஞ்சினால் இருபது. கேன்டீன் ஃபேனுக்கு எதிரே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. போனைக் காதில் வைத்தால் வலிக்கும், கொஞ்சம் தள்ளியே பிடித்துக்கொள்வேன். நான் சொன்னதெல்லாம் மூன்றே வார்த்தைதான்: "ம்", "தெரியும்க்கா", "வெய்யி".

எனக்கு கன்டெய்னர் யார்டில் வேலை. எந்தப் பெட்டி எந்த டிரெய்லரில் ஏறியது என்று டிரைவர்கள் போனில் நம்பர் சொல்வார்கள், நான் எழுதிக்கொள்ள வேண்டும். நான்கு எழுத்து, ஏழு எண். ஒருமுறை ஒரே ஓர் எண்ணைத் தப்பாக எழுதி, அத்திப்பட்டுக்குப் போகவேண்டிய பெட்டியை வேறெங்கோ அனுப்பிவிட்டேன். நான் எழுதியது சரி என்று நானும், சொன்னது சரி என்று டிரைவரும் யார்டே வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டோம். அன்றைக்கு எங்கள் சூப்பர்வைசர் என் போனைப் பிடுங்கி, வருகிற அழைப்பெல்லாம் தானாகவே பதிவாகிற மாதிரி செட்டிங்கை மாற்றிக் கொடுத்தார். "இனிமே எவன் பொய் சொல்றான்னு போனே சொல்லும்" என்றார். அப்போது நானும்தான் சிரித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கேன்டீனில் அக்கா பாத்திரத்தோடு சரிந்து விழுந்தாள். ஆம்புலன்ஸ் பின்பக்க கேட் வழியாகப் போய்விட்டது. வீட்டுக்குச் சொல்ல வேண்டும், ஆனால் என் நம்பர் அங்கே யாருக்கும் தெரியாது. அது அக்காவின் போனில் இருந்தது, போன் பொந்தில் இருந்தது. சாயந்தரம் ஷிப்ட் முடிந்தும் அவள் வீடு வந்து சேரவில்லை என்று நான் அவள் போனுக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். அடுத்தவர் போனை எடுத்துப் பேசக் கூடாது என்பது அங்கே சட்டம். கடைசியில் செக்யூரிட்டி ஒருவர் மனசு கேட்காமல் எடுத்து, "தம்பி, நீ ஆஸ்பத்திரிக்குப் போயிடுப்பா" என்றார். நான் போனபோது எல்லாம் முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. நெஞ்சுவலி என்றார்கள். அவள் முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து நர்ஸ் என் கையில் கொடுத்தது இந்த டோக்கனைத்தான். காரியம் முடிந்து கேட்டுக்குப் போனேன். அதே செக்யூரிட்டி டோக்கனைக் கேட்காமலே போனைத் தந்தார். "அது உன்னாண்டயே இருக்கட்டும் தம்பி" என்றார்.

அந்த போனைத்தான் நான் பாழாக்கினேன். ஒன்பது புள்ளியைக் கோடு இழுத்துத் திறக்கிற லாக் போட்டிருந்தாள். எனக்குத் தெரியவில்லை. பத்து நாள் பொறுக்க முடியாத அவசரக்குடுக்கை நான், ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் திறந்துதான் கொடுத்தான், உள்ளே ஒன்றும் இல்லாமல். போட்டோ, பேச்சு, எல்லாம் துடைத்த பலகை. பாப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. சில மாதம் கழித்து ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"'ப' எழுதுற மாதிரி கோடு இழுத்தா தொறந்துக்கும் மாமா. அம்மா எனக்கு வெளாடக் குடுக்கும். என்ன யாரும் கேக்கவே இல்லியே."

கேட்கவில்லைதான். அந்தக் குழந்தையிடம் கேட்கலாம் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதெல்லாம் இப்போது நினைவுக்கு வரக் காரணம், எட்டு வருடம் ஓடிய என் போன். பேட்டரி உப்பி, பின்மூடி பிளந்து, நான் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தேன். புதிது ஒன்று வாங்கிவிட்டேன். பழையதில் இருப்பதைப் புதியதில் மாற்றக் கடைக்குக் கிளம்பியபோது, பாப்பா வாசல்வரை வந்தாள். பத்தாவது படிக்கிறாள். அம்மாவைப்போலவே கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா போட்டோ நாலு கீது, வுட்டுறாத. போன வாட்டி மாதிரி பண்ணிடாத மாமா." அப்புறம், செருப்பைப் பார்த்தபடி, "மூஞ்சி நாபகம் கீது. கொரல்தான் மறந்துகினே வருது" என்றாள்.

வண்ணாரப்பேட்டையில் எனக்குத் தெரிந்த பாய் ஒருவர் போன் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பகல், கூட்டம் நெரிந்தது. இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒயரைச் செருகினார். நம்பர், போட்டோ, மெசேஜ் எல்லாம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் போய்விட்டன. பிறகு பழையதைக் கையில் எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இன்னா நைனா, உளவு வேல எதுனா பாக்குறியா? இவ்ளோ பேச்சு பதிஞ்சி வெச்சிக்கிற. இது தானா வராது, தனியா காப்பி பண்ணணும். தூக்கிப் போட்டுறவா?"

எல்லாம் கன்டெய்னர் நம்பர், போட்டுவிடுங்கள் என்று வாயைத் திறந்துவிட்டேன். என் வாயை நானே அறைந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் அவர் விரலுக்குக் கீழே, டிரைவர்கள் பெயர்களுக்கு நடுவே, அக்கா என்று ஒரு வரி ஓடியது. இன்னொன்று. இன்னொன்று. "பாய், நிறுத்துங்க" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஆறு வருடமாக என் சட்டைப்பையில், என் நெஞ்சுக்கு மேலேயே அவள் பேசிக்கொண்டு கிடந்திருக்கிறாள். இந்த முட்டாளுக்கு அது உறைக்கவில்லை.

பாய் கண்ணாடியை மறுபடி இறக்கிக்கொண்டார். அக்கா பெயரை மட்டும் தனியாகப் பிரித்து, நானூறுக்கு மேல் இருக்கிறது என்றார். உள்ளே ஒரு ஸ்டூலைப் போட்டு, காதில் மாட்டும் ஒயரையும் கொடுத்தார். "மெதுவா கேளு. பேட்டரி எப்ப வேணா போயிடும், கேட்டுட்டு சொல்லு, எது வேணுமோ அத்த காப்பி பண்ணிடலாம்."

கேட்டேன். ஜடை. பால். பாப்பாவுக்குக் காய்ச்சல், நெற்றியைத் தொட்டுப் பார். மழை வரும், குடை கொடுத்து அனுப்பு. "டேய், நீ சாப்ட்டியா?" இருமலோடு ஒரு நாள், சிரிப்போடு ஒரு நாள். அழுகை எனக்கு வந்தது அவள் குரலுக்காக மட்டும் இல்லை. அவள் குரலை ஒட்டிக்கொண்டே ஒவ்வொரு பதிவிலும் என் குரலும் இருந்தது. ம். தெரியும்க்கா. வெய்யி. நானூறு தடவை, பிச்சை போடுகிறவன் மாதிரி.

கடைசியிலிருந்து மூன்றாவது, புதன்கிழமையுடையது. அது காலை அழைப்பு இல்லை. சாயந்தரம் டோக்கனைக் கொடுத்து போனை வாங்கிய கையோடு பண்ணியிருக்கிறாள். அது எனக்கு ஒரு சொல் விடாமல் மனப்பாடம். ஆறு வருடமாக மண்டைக்குள் ஓடுவதுதான்.

"டேய், நெஞ்சாண்ட ஒரு மாதிரி அழுத்திகினே கீதுடா. தனியா போக பயமா கீது. ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றியா?"

"வண்டி லைன்ல நிக்குதுக்கா. ஞாயித்துக்கிழமை போலாம்."

"சரி, நீ வேலயப் பாரு. ஞாயித்துக்கிழமையே போலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் இல்லை. இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஆனாலும் எனக்கு ஒரு சமாதானம் இருந்தது: வண்டி நின்றது, வேலை இருந்தது, விட்டுவிட்டு எப்படிப் போவது? ஆறு வருடம் அந்த ஒரே சமாதானத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் சோறு தின்றேன். பாய் கொடுத்த ஒயரில் அது நசுங்கியது. அக்காவின் குரலுக்குப் பின்னால் டொக், டொக் என்று ஒரு சத்தம். ஸ்டிரைக்கர் காயில் மோதுகிற சத்தம். யாரோ ஒருவன் கத்துகிறான்: "ரெட்டு வுழுந்துச்சு! மாமு, அடுத்து நீதான், போன வெச்சிட்டு வா!" டிரெய்லர் ஹாரன் ஒன்றுகூட இல்லை. அன்றைக்குத் துறைமுகத்துக்குள் வண்டியே விடவில்லை, யார்டு காலி. ஷெட்டில் நாங்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தோம். சத்தியமாக எனக்கு அது மறந்தே போயிருந்தது. மறக்கடித்துவிட்டேன் என்பதுதான் சரி.

பாய் வந்து தோளைத் தொட்டார். "எல்லாம் எடுத்துக்கலாமா, எதுனா வேணாமா?" நான் அந்த ஒன்றின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழித்தால் ஒருவருக்கும் தெரியாது. நானூறில் ஒன்று. பாப்பாவுக்குக் கிடைக்கப்போவது ஜடையும் பாலும் குடையும் சொல்கிற அம்மா. அது போதாதா? ஆனால் அக்காவின் போனை நான் துடைத்தாயிற்று. இது அவள் பயமாக இருக்கிறது என்று சொன்ன ஒரே நாள். வாழ்க்கையில் அவள் எனக்கு முன்னால் பயந்ததே அந்த ஒரு தடவைதான். அதையும் துடைக்க என் கை வரவில்லை. "எல்லாத்தையும் போடுங்க பாய்" என்றேன்.

வீட்டுக்கு வந்து புதுப் போனை பாப்பாவிடம் கொடுத்தேன். "அம்மா பேசினது கீது. எல்லாம் கீது" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். பிறகு அக்காவின் குரல், வீட்டுக்குள், அந்தப் பழைய சத்தத்தில். பாப்பா அழுதாள். பிறகு சிரித்தாள். "மாமா, உன்ன இன்னா திட்டு திட்டுது!" என்று உள்ளேயிருந்தே கூவினாள். ஒன்றுவிடாமல் வரிசையாகத்தான் கேட்டாள், எங்கள் அக்கா பெற்ற பெண் ஆயிற்றே. எனக்குத் தெரியும், வரிசையாகப் போனால் அது வரும் என்று. வெயில் இறங்கும் வேளையில் உள்ளே பேச்சு நின்றது. அதே பதிவு மறுபடி ஒருமுறை ஓடியது. மறுபடியும் ஒருமுறை. பாப்பா வாசலுக்கு வந்து நின்றாள்.

"மாமா. அன்னிக்கு நெசமாவே வண்டி நின்னுகினு இருந்துச்சா?"

ஊரில் பாதிப்பேர் கேரம் ஆடுகிற இடத்தில் வளர்ந்த பெண் அவள். அந்தச் சத்தத்தை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"இல்ல பாப்பா" என்றேன். "ஒரு வண்டியும் நிக்கல. கேரம் ஆடிகினு இருந்தேன்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். எதையாவது விட்டெறிந்திருக்கலாம். அம்மாவின் வாய் அவளுக்கு இருக்கிறது. திரும்பி உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் காலண்டரில் தேதி கிழிக்கப் போனேன். ஆணியில் டோக்கன் இல்லை. சுவரில் அது இத்தனை வருடம் உரசிய இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இப்போதும் ஜடை பின்னிக்கொள்ள என் முன்னால்தான் உட்காருகிறாள், நானும் கோணாமல் பின்னப் பார்க்கிறேன், பேச்சுதான் குறைந்துவிட்டது. ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தினமும் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. புதுப் போனைப் பார்த்தபடி படுத்திருப்பேன். பிறகு அவளை அனுப்பிவிட்டு வாசலில் நிற்பேன். அவள் படியிறங்கும்போது புத்தகப் பைக்குள் டிபன் பாக்ஸில் பித்தளை மோதுகிறது. டொக், டொக் என்று அது தெருமுனைவரை கேட்கிறது.