சாமுண்டீஸ்வரி கோவளம் போன கதை

தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் அரிகிருஷ்ணன் வீட்டைத் திருடன் எட்டிப் பார்த்ததே இல்லை. பார்க்க வழி ஏது? திருப்பதி, ஊட்டி, குற்றாலம் என்று குடும்பமே கிளம்பிப் போனாலும் அவர் மனைவி சாமுண்டீஸ்வரி மட்டும் வீட்டில் இருப்பாள். ஒரு தடவை தண்ணீர் லாரி வரும் என்பாள். இன்னொரு தடவை பசு கன்று போடும் நாள் என்பாள். ஒன்றும் கிடைக்காவிட்டால் முட்டிவலி இருக்கவே இருந்தது. தெருவில் அவளுக்கு 'வாட்ச்மேன் அம்மா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

உண்மை வேறு. நாலு சக்கர வண்டியில் ஏறினால் அவளுக்கு வாந்தி வரும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் கல்யாணக் காரில் வாந்தி எடுத்திருக்க மாட்டீர்கள்.

அவள் எடுத்தாள். படப்பையில் தாலி கட்டி, கண்ணாடி ஏற்றிய அம்பாசிடரில், கழுத்து நிறைய ரோஜா மாலையோடு புருஷன் வீட்டுக்கு வருகிற வழியில், மாப்பிள்ளையின் பட்டு வேட்டி மேலேயே எடுத்தாள். அன்று சாயங்காலம் அடுப்படியில் நாத்தனார் காமு யாரிடமோ, "எத்தினி மாசம்னு கேளுங்க" என்றது அவள் காதில் விழுந்தது. அடுத்த மாதம் அவள் மூன்று நாள் ஒதுங்கி உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. தப்பாய்ப் பேசிவிட்டோமே என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சாமுண்டீஸ்வரி வண்டியும் ஏறவில்லை, காரணமும் சொல்லவில்லை. புருஷனோ அதெல்லாம் அன்றைய கல்யாண அலுப்பு என்று மறந்தே போனார்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் மே மாதம், அரிகிருஷ்ணனின் சிநேகிதர் எலியேசர், சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் கடலைப் பார்த்தபடி கட்டியிருந்த வீட்டின் சாவியைக் கொடுத்து, "லீவுக்குக் குடும்பத்தோட போய் இருங்க" என்றார். ஒரே மகள் சுபத்ரா பிளஸ் டூ முடித்து, கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போக இருந்த சமயம்.

"இந்தத் தடவையும் அம்மா வரலைன்னா, நானும் வரலை" என்றாள் சுபத்ரா. சத்தம் போடாமல்தான் சொன்னாள். இப்போது போகாவிட்டால் மகள் இனிமேல் கூப்பிடவே மாட்டாள் என்று சாமுண்டீஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. சரி, வருகிறேன் என்றாள்.

காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இடுப்பில் ஒரு எலுமிச்சம்பழம், முந்தானைக்குள் இரண்டு பிளாஸ்டிக் கவர். போருக்குப் போகிறவர்கள்கூட இவ்வளவு தயாராகப் போயிருக்க மாட்டார்கள். டிரைவர் கிட்டு சுமோவைக் கொண்டுவந்து நிறுத்தினான். வழக்கமாக முன் சீட்டில் அப்பாவோடு உட்காருவது சுபத்ராதான். அன்றைக்கு, கால் நீட்ட இடம் வேண்டும் என்று கூட வந்த காமு அத்தை முன்னால் ஏறிக்கொண்டாள். தாயும் மகளும் பின்னால் போனார்கள்.

ஏசி போட்டுக் கண்ணாடி ஏற்றியாயிற்று. காமுவின் தலையில் மல்லிகை. வண்டிக்குள் ஏதோ சென்ட் பாட்டில் வேறு ஆடிக்கொண்டிருந்தது. வண்டலூரில் திரும்பும்போதே சாமுண்டீஸ்வரி பழத்தை மூக்கில் வைத்துவிட்டாள். கண்டிகை தாண்டியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் மடியில் சூடாக ஏதோ கொட்டியது. வாந்தி எடுத்தது அவள் இல்லை, சுபத்ரா.

காமு திரும்பினாள். பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பார்த்தாள். "இன்னாடி இது? எத்தினி நாளா கீது இந்த மாதிரி?"

அந்தப் பார்வை சாமுண்டீஸ்வரிக்குத் தெரியும். உடம்பெல்லாம் எரிந்தது.

"கிட்டு, வண்டிய நிறுத்து" என்றாள். வண்டி நின்றது. "அண்ணி, அவளுக்கு வண்டி ஒத்துக்கல. எனக்கும் ஒத்துக்காது. கல்யாணத்தன்னிக்கும் அதான். அன்னிக்கு என்னப் பத்தி நீங்க பேசுனத நான் வாய மூடிக்கினு கேட்டுக்கினேன். என் பொண்ண அந்தப் பார்வ பாக்காதீங்க."

இவ்வளவையும் கம்பீரமாகச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கி, ரோட்டோரப் புளிய மரத்தடியில் அவளும் வாந்தி எடுத்தாள். மரத்துக்கு அந்தப் பக்கம் மகள், இந்தப் பக்கம் தாய். இத்தனை வருஷத்தில் அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி வந்ததே இல்லை. சிரிப்புகூட வந்தது.

அரிகிருஷ்ணன் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றார். "சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேட்டிருக்கலாமே?"

அவர் அவள் புடவையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். காமு இறங்கிப் பின் சீட்டுக்குப் போனாள். அவள் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான், அதுவே பெரிது.

அப்புறம் எல்லாக் கண்ணாடியும் இறங்கிவிட்டது. அரிகிருஷ்ணனும் பின்னால் போக, முன் சீட்டில் தாயும் மகளும் நெருக்கிக்கொண்டார்கள். முகம் வெளுத்தால் கிட்டு வண்டியை ஓரங்கட்டுவான். மாம்பாக்கத்தில் இளநீர் குடித்தார்கள். கேளம்பாக்கத்தில் சோடா குடித்து, சந்தையைச் சுற்றி வந்து, தேவையே இல்லாத ஒரு முறம் வாங்கினார்கள். நேரே போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரத்தை அரை நாள் போனார்கள். கோவளம் வீட்டைத் திறந்தபோது உப்புக் காற்று முகத்தில் அடித்தது. சாமுண்டீஸ்வரி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே தண்ணீருக்குள் போய் நின்றாள். வந்தே விட்டோம் என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அங்கே இருந்த நாட்களில் அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. கோவளம் தர்காவுக்கும் மீன் ஏலத்துக்கும் நடந்தே போனாள். திருப்போரூர் முருகனைப் பார்த்தாயிற்று. மாமல்லபுரம் போகும் வழியில் வண்டி நின்ற இடமெல்லாம் இறங்கி, இது என்ன ஊர் என்று விசாரித்தாள். திருக்கழுக்குன்றத்தில் மலைப்படி ஏற முடியாமல் காமு உட்கார்ந்துவிட்டாள். முட்டிவலிக்காரி என்று பெயர் வாங்கிய சாமுண்டீஸ்வரி உச்சிக்குப் போய்க் கையை ஆட்டினாள்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் தாயும் மகளும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, உனக்கு எங்களோட இருக்கறது புடிக்கலைன்னு நெனச்சிருந்தேன்" என்றாள் சுபத்ரா. "தாம்பரத்துலயே காலேஜ் கெடச்சுது. அத வேணாம்னுட்டுதான் கோயம்புத்தூருக்கு அப்ளிகேஷன் போட்டேன்."

வீட்டைக் காவல் காத்துக் காத்து எதைப் பறிகொடுக்க இருந்தோம் என்று அப்போதுதான் சாமுண்டீஸ்வரிக்கு உறைத்தது. மகளின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"புடிக்காம இல்லடி. நீங்கல்லாம் போனப்புறம் உன் துணிய எடுத்து வெச்சிக்கினு உக்காந்திருப்பேன்."

சுபத்ரா அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஃபீஸ் கட்டியாச்சேம்மா" என்றாள்.

"போய்ப் படி. மாசா மாசம் நான் வரேன். வழியில எத்தினி மரத்தடியில நின்னாலும் பரவால்ல, வந்துடுவேன்."