பட்டாணிக்காரி வேஷம்

சின்னம்மா ராணியாக இருந்தவரை எங்கள் வீட்டில் யாருக்கும் அவளைப் பற்றி ஒரு குறையும் இல்லை. பர்மாவில், இன்சீனில் எங்கள் பேட்டை அம்மன் கோயில் திருவிழாவின் கடைசி நாளில் தமிழ் நாடகம் போடுவார்கள். ராஜா வருஷத்துக்கு ஒருவராக மாறினாலும் ராணி வேஷம் அம்மாவின் தங்கைக்குத்தான். அவளுக்கு முன்னால், ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் மீசையை மழித்துக்கொண்டு ராணியாக வந்துகொண்டிருந்தாராம். சின்னம்மா மேடை ஏறிய பிறகு அவர் நிம்மதியாக மீசையை வளர்த்துக்கொண்டு மந்திரியாகிவிட்டார்.

வீட்டில் நாங்கள் பேசிய தமிழில் பாதி பர்மியம். சாப்பாடு, துணி, பஸ் எல்லாவற்றுக்கும் பர்மியப் பெயர்தான் முதலில் வாயில் வரும். மேடையில் சின்னம்மா பேசும் தமிழ் அப்படி இருக்காது. ஒவ்வொரு எழுத்தும் துடைத்து வைத்தது போல வரும். பாதி அர்த்தம் புரியாவிட்டாலும் கூட்டம் அசையாமல் கேட்கும். அப்பா முன்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த ஒரு நாள் மட்டும் பட்டறைத் தொழிலாளியான அவரே கொஞ்சம் ராஜா மாதிரி தெரிவார். நான் அடிக்கடி பின்னால் திரும்பி, எல்லோரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொள்வேன்.

மற்ற நாட்களில் சின்னம்மா ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் நகரத்துக்குப் போய் லத்தா பேட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்பாள். அவள் பர்மியமும் அவள் தமிழ் போலத்தான். அலமாரிப் பக்கம் திரும்பித் துணி எடுத்துக்கொண்டே பேசினால், வந்தவர்கள் அவளைப் பர்மியப் பெண் என்றே நினைப்பார்கள். அவள் திரும்பி முகத்தைக் காட்டியதும் ஒரு நிமிஷம் அவர்களுக்குப் பேச்சு நின்றுபோகும். அதை அவள் வீட்டில் வந்து நடித்துக் காட்டுவாள். நாங்கள் சிரித்துப் புரள்வோம்.

அந்தக் கடைக்கு ஒருநாள் டீவி நாடகம் எடுக்கும் ஒருவர் நடிகைகளுக்குத் துணி வாங்க வந்தார். துணியோடு சின்னம்மாவையும் கேட்டுவிட்டுப் போனார்.

“அக்கா, டீவியில வேஷம் குடுக்கிறாங்க” என்று அன்று சாயங்காலம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “வசனம் உண்டா?”

“உண்டு அத்தான்.”

அது போதுமாக இருந்தது. மறுநாளே பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டார். கோயில் காரியதரிசிக்குச் சொன்னார். டீக்கடையில் சொன்னார். எந்த நாடகத்திலும் வசனம் பேசுகிறவர்தான் முக்கியமானவர் என்பது அவருடைய எண்ணம். ராணிக்கு டீவியிலும் ஏறக்குறைய ராணி வேஷம்தான் கொடுப்பார்கள் என்று நாங்கள் எல்லோரும் நம்பிவிட்டோம். சின்னம்மா மட்டும் எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. படப்பிடிப்பு முடிந்து வந்த அன்று, தலை வலிக்கிறது என்று சீக்கிரமே படுத்துக்கொண்டாள்.

எங்கள் தெருவில் கலர் டீவி இருந்தது டோ மியா வீட்டில் மட்டும். கரண்ட் போனாலும் படம் நிற்காமலிருக்க லாரி பேட்டரி ஒன்றும் வைத்திருந்தார். பர்மியக்கார அம்மாள், நல்ல மனுஷி, அழுகை வரும் நாடகம் என்றால் கையில் துண்டோடுதான் உட்காருவார். அன்று அவர் வீடு கொள்ளாத கூட்டம். அப்பா புதுக் கைலி கட்டிக்கொண்டு வந்திருந்தார். சின்னம்மாவுக்கு முன்னால் இடம் விட்டார்கள். அவள் வேண்டாம் என்று சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நாடகம் பாதிக்கு மேல் ஓடிய பிறகுதான் அவள் வந்தாள். தலையில் தட்டு, தட்டில் வேகவைத்த பட்டாணி. புடவையை முழங்கால் தெரியத் தூக்கிச் செருகியிருந்தார்கள். மூக்கில் பெரிய மூக்குத்தி. இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்து வந்தாள். அந்த நடையை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. இரண்டு கோமாளிகள் அவளை நிறுத்தி, பட்டாணி வெந்திருக்கிறதா என்று கேட்டார்கள். அவள் கொச்சைப் பர்மியத்தில், நாக்கு புரளாதவள் போல, “நான் நல்லா வெந்திருக்கேன், வாங்கித் தின்னுங்க” என்றாள்.

வீடு அதிர்ந்தது. டோ மியா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தமிழ்க்காரர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் டீவியைப் பார்க்கவில்லை. புதுக் கைலியின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சத்தம் போடவில்லை. “உனக்குத்தான் பர்மியம் அவங்களவிட நல்லா வருமே. அப்புறம் ஏன் அப்படிப் பேசின?” என்று கேட்டார்.

“முதல்ல நல்லாத்தான் பேசினேன் அத்தான். அப்படிப் பேசுற கலாமாவ யாரு பாத்திருக்காங்கன்னு நாடகம் எடுக்கிறவரு கேட்டாரு.”

கலாமா என்றால் இந்தியப் பெண். தெருவில் எங்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக்குள் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை.

“நீதான் எதிர்ல நிக்கிறியே. அதச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா வேற ஆளப் பாத்துக்குவாங்க” என்றாள் சின்னம்மா.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்கு முன்னாலேயே அந்த வசனம் வந்து சேர்ந்திருந்தது. பையன்கள் “வெந்தாச்சா?” என்று கேட்டார்கள். பெண்கள் இடுப்பை ஆட்டினார்கள். அதையெல்லாம் எப்படியோ தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது டீச்சரின் அன்புதான். சயாமா என்று நாங்கள் கூப்பிடும் அந்த டீச்சருக்கு என்மேல் பிரியம் அதிகம். “உன் சின்னம்மாவா? எவ்வளவு நல்லா நடிச்சாங்க. எங்கே, எழுந்து அந்த மாதிரியே சொல்லிக் காட்டு” என்றார்.

எழுந்து நின்றேன். என் பர்மியமும் அவர்கள் பர்மியமும் ஒன்றுதான். அந்த வகுப்பில் செய்யுள் ஒப்பிக்க என்னைத்தான் நிறுத்துவார்கள். இப்போது அதைக் கெடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கே கெடுத்தால் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்த இடத்தில் கெடுத்தேன். சிரித்தார்கள். அதற்குப் பிறகு என்னைப் பார்க்க யாராவது பள்ளிக்கு வருவதென்றால் அம்மாவையே வரச் சொன்னேன்.

சின்னம்மாவைத் தேடி மேலும் வேஷங்கள் வந்தன. பிள்ளை தூக்கும் ஆயா, துணி வெளுப்பவள், கடைவீதியில் சண்டை போடுகிறவள். எல்லோருக்கும் அதே மூக்குத்தி, அதே பேச்சு. அவள் தெருவில் நடந்தால் சின்னப் பிள்ளைகள் பின்னால் வந்தார்கள். அவள் திரும்பி ஒரு வார்த்தை வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போவாள். நான் நாலடி தள்ளி நடப்பேன்.

அடுத்த திருவிழா வருவதற்கு முன்னால் கோயில் காரியதரிசி வீட்டுக்கு வந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு அப்பாவைப் பார்த்தே சொன்னார். “தப்பா நினைக்கக் கூடாது. தங்கச்சி நடிப்புக்கு என்ன குறை? ஆனா ராணி சபைக்கு வந்து நிக்கும்போது ஜனங்க சிரிச்சிட்டா நாடகமே போச்சு. இந்த வருஷம் வேற பிள்ளையப் போடலாம்னு கமிட்டியில பேசிக்கிட்டோம்.”

அப்பா மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், “அதுதான் நல்லது” என்றார்.

கதவுக்குப் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சின்னம்மா வெளியே வந்தாள். “யாரு பண்றாங்க?” என்று கேட்டாள். காரியதரிசி ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். “அவளுக்கு மூச்சு பத்தாது. நீளமான வசனத்த ரெண்டாப் பிரிச்சுக் குடுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர் போன பிறகு அப்பா அவளைப் பார்த்து, “இனிமே டீவியும் வேண்டாம்” என்றார். அவள் சரி என்றாள். திருவிழாவன்று நாடகம் பார்க்க எங்களோடு வரவில்லை. எனக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது.

அதன் பிறகு அவள் முகம் டீவியில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கடையில் கூடுதல் வேலை என்று போய்க்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது தொண்டை கட்டியிருக்கும். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பாள். துணித் தூசி என்று அம்மா சொன்னாள்.

மழைக்காலத்தில் ஒரு புது நாடகம் வந்தது. தாயை இழந்த ஒரு பெண்ணின் கதை. கதாநாயகி அப்போது எல்லாக் காலண்டரிலும் இருந்தவள். பால் போன்ற நிறம். டோ மியா வீட்டில் பழையபடி கூட்டம். அம்மாவின் கட்டாயத்துக்காகச் சின்னம்மாவும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதாநாயகி இறந்துபோன தாயின் வெறும் படுக்கையருகே மண்டியிட்டுப் பேசத் தொடங்கினாள். மெல்ல, கெஞ்சாமல், பக்கத்து அறையில் இருப்பவரிடம் பேசுவது போலப் பேசினாள். இடையில் ஒரு இடத்தில் குரல் உடைந்து, உடைந்ததை மறைக்கப் பார்த்து, மறுபடி உடைந்தது. வீடு முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்பாகூடத் தொண்டையைச் செருமினார்.

டோ மியா துண்டை முகத்திலிருந்து எடுக்காமலே சொன்னார். “நம்ம பர்மியப் பெண்ணுக்குத்தான் இப்படிப் பேச வரும். வேற யாருக்கு வரும்?”

எங்களைக் குத்த வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் அங்கே இருப்பதை மறந்து சொன்னார். பக்கத்தில் இருந்த சின்னம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கதாநாயகி பேசுவதையெல்லாம் சத்தமில்லாமல் அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். கிடைக்காத வேஷத்துக்கு ஏங்கி, எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து கதாநாயகியைப் போலவே செய்துபார்க்கிறாள் என்று நினைத்தேன். யாராவது பார்த்துவிட்டால் மறுநாள் அதுவும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடும். அவள் முழங்கையை அழுத்தினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, மோல்மேன் போகும் பஸ்ஸில் அந்த நாடகத்தைப் போட்டார்கள். பக்கத்து சீட்டில் சின்னம்மா. தலை நரைத்து, கண்ணாடி போட்டிருந்தாள். கதாநாயகி தாயின் படுக்கையருகே மண்டியிட்டபோது, “இது நான்தான்” என்றாள். எனக்குப் புரியவில்லை. “குரல். அந்தப் பொண்ணுக்கு முகம் நல்லா இருந்துச்சு. வாயத் திறந்தா நல்லா இல்ல. அந்தக் காலத்துல படம் எடுத்துட்டு அப்புறந்தானே குரல் சேப்பாங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய்ப் பேசிட்டு வந்தேன். அஞ்சாறு நாடகம் இருக்கும்.”

“எங்க யார்கிட்டயும் ஏன் சொல்லல?”

“சொல்லக் கூடாதுன்னு சொல்லித்தானே கூப்பிட்டாங்க” என்றாள். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே ரப்பர் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, “சொல்லியிருந்தா டோ மியா அழுதிருக்க மாட்டாங்க” என்றாள்.

பஸ்ஸில் மீதிப் படம் ஓடி முடியும்வரை நான் அந்த மழைக்காலத்துச் சாயங்காலத்திலேயே இருந்தேன். என் பக்கத்தில் அசைந்த அந்த உதடுகளை மறுபடி பார்த்தேன். அவை கதாநாயகியைப் பின்தொடரவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் கொஞ்சம் முந்திக்கொண்டு போயின. குரல் உடைகிற இடத்தில்கூட அவள் உதடுதான் முதலில் நடுங்கியது. பத்து வயதில் நான் அதையும் பார்த்துத்தான் இருந்தேன். நன்றாகப் பார்த்தேன். வேறு யாரும் பார்த்துவிடக் கூடாதே என்பதைத் தவிர அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை.